பழைய கார்டை ஏன் வாங்கினேன்

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கிறான், சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போகிறானாம். பேச்சுவாக்கில் என் மெஷினில் என்ன கிராஃபிக்ஸ் கார்டு, அதாவது படம், வீடியோ, கேம் வேலைகளைப் பார்க்கும் கார்டு, இருக்கிறது என்று கேட்டான். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி என்றேன். எப்போது வாங்கியது என்றான். 2024 ஜனவரி என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "மாமா, அப்பவே அதுக்கு அடுத்த 4060 வந்து ஆறு மாசம் ஆயிருக்குமே, காசு குடுத்து யாராவது பழசை வாங்குவாங்களா?" என்றான். கேலி இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டான். என் நண்பன் ஒருவனும் இரண்டு வருடமாக, பார்க்கும்போதெல்லாம் இதையே கேட்கிறான். போனில் ஒரு வரியில் பதில் சொல்லப் பார்த்தேன், எனக்கே அது சப்பைக்கட்டு மாதிரி கேட்டது. ஆற அமர எழுதினால்தான் சரிவரும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் சொல்லும் கணக்கில் தப்பே கிடையாது. 3060 வந்தது 2021 பிப்ரவரியில், 4060 வந்தது 2023 ஜூனில். கேம் ஆடினால் புதியது பழையதைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூட. மின்சாரம் பழையதற்கு 170 வாட், புதியதற்கு 115 வாட் போதும். ஏவி1 என்ற புது வகை வீடியோவை உருவாக்கும் வசதி புதியதில் இருக்கிறது, பழையதில் ஓடவிட்டுப் பார்க்க மட்டும்தான் முடியும். விலையில் பெரிய வித்தியாசமும் இல்லை, எனக்குச் சொன்ன விலைகளில் மூன்று நான்காயிரம் ரூபாய்தான் இடைவெளி. இவ்வளவும் தெரிந்துதான் பழையதை எடுத்தேன். கார்டின் சொந்த மெமரி பழையதில் 12 ஜிபி, புதியதில் 8 ஜிபி. என் காரணம் மொத்தமும் அந்த 4 ஜிபிக்குள் இருக்கிறது, ஆனால் அதை நான் வந்தடைந்த விதம் கொஞ்சம் சுற்று வழி.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் வீட்டுக்குள் முழங்காலுக்குத் தண்ணீர். முடிச்சூர் பக்கம் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அரிசி மூட்டை, சிலிண்டர், சர்டிபிகேட் ஃபைல், அப்பாவின் கேசட்டுகள், அவற்றைக் காப்பி பண்ணி வைத்த ஹார்டு டிஸ்க் எல்லாம் பரண் ஏறிவிட்டன. மேஜைக்கு அடியில் தரையில் நின்ற கேபினட்டை யாரும் நினைக்கவில்லை. தண்ணீர் வடிந்து மூன்றாம் நாள் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் ஃபேன் இறக்கைகளுக்கு நடுவே சேறு காய்ந்து வெடித்திருந்தது, கிராஃபிக்ஸ் கார்டின் தங்க நிறப் பற்களில் பச்சையாகப் பூத்திருந்தது. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி. ஏழு வருடம் உழைத்த கார்டு.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்றுதான், ஆள் நான்கு. மனைவி வீட்டிலிருந்தபடியே கல்யாண வீடியோ எடிட்டிங் எடுத்துச் செய்கிறாள், அந்த வருமானத்தில்தான் வீட்டுக் கடன் தவணையில் பாதி போகிறது. மகள் அப்போது ஆர்க்கிடெக்சர் முதல் வருடம், முப்பரிமாண மாடல் செய்யும் பிளெண்டர் மென்பொருளைப் பழக ஆரம்பித்திருந்தாள். மகன் ஒன்பதாவது, அவனுக்கு கேம். எனக்கு அப்பாவின் கேசட்டுகள். புது மெஷினுக்கு மொத்தம் 80,000 ரூபாய், அதில் கார்டுக்கு 30,000 என்று முடிவு செய்தோம். அதற்கப்புறம் ஒரு மாதம் நான் பார்க்காத ரிவ்யூ இல்லை. எல்லா ரிவ்யூவிலும் பன்னிரண்டு கேம், பன்னிரண்டு பட்டை வரைபடம். எது நீளமோ அது நல்ல கார்டு. பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடியது, ஏனென்றால் அந்தப் பட்டைகள் எங்கள் வீட்டில் நால்வரில் ஒருவனுக்காக மட்டும் வரையப்பட்டவை.

காலண்டர் தாளின் பின்பக்கம்

ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், தினசரி காலண்டரில் கிழித்த தாளைத் திருப்பிப் போட்டு நால்வர் பெயரையும் எழுதினேன். யார் எத்தனை மணி நேரம் உட்காருகிறீர்கள் என்று கேட்கத்தான் நினைத்தேன். ஏனோ வாயில் வேறு கேள்வி வந்தது. "பழைய மெஷின்ல ஆரம்பிச்சு, முடியாம விட்ட வேலை என்னென்ன?"

மனைவி யோசிக்கவே இல்லை. "ஏங்க, அந்த மெமரி ஃபுல்னு ஒண்ணு வரும்ல, அதை உங்ககிட்ட எத்தனை தடவை காட்டியிருக்கேன்" என்றாள். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் 4கே வீடியோவின் மேல், படத்தில் பொடிப் புள்ளிகளாகத் தெரியும் இரைச்சலைக் குறைக்கும் எஃபெக்ட்டைப் போட்டால் ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டின் சிப்) மெமரி நிறைந்துவிட்டது என்று ஒரு செய்தி வரும். டைம்லைனின் ரெசல்யூஷனைக் குறை, அல்லது கலர் கரெக்‌ஷன்களைக் குறை என்று அதுவே யோசனையும் சொல்லும். மண்டபத்து மங்கலான வெளிச்சத்தில் எடுத்த தாலி கட்டும் காட்சியில் இரைச்சலை நீக்காமல் எப்படிக் கொடுப்பது? 4கே-யைவிடச் சிறிய 1080 அளவுக்கு இறக்கித்தான் முடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மகள் தன் முதல் வீட்டு மாடலில் மரம், செடி, செங்கல் எல்லாம் வைத்தவுடன் கார்டில் ரெண்டர் (மாடலைப் படமாக்குவது) ஆகாமல், பிராசசரில் போட்டு விடிய விடிய ஓடவிட்டதைச் சொன்னாள். என் கதையை அப்புறம் சொல்கிறேன். மகன்தான் ரொம்ப நேரம் யோசித்தான். "விட்டது எதுவும் இல்லப்பா. செட்டிங்ஸை லோ-ல வெச்சுக்குவேன், ஓடிடும்" என்றான்.

அந்தப் பதில் என்னை உலுக்கிவிட்டது. எந்தப் பட்டை வரைபடங்களை ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேனோ, அந்த வேலை மட்டும்தான் பழைய 4 ஜிபி கார்டிலும் நிற்காமல் ஓடியிருக்கிறது. அழகு குறைவாக, கொஞ்சம் திக்கித் திணறி, ஆனாலும் ஓடியிருக்கிறது. மற்ற மூவரின் வேலையும் மெதுவாகக்கூட ஓடவில்லை, நின்றே போயிருக்கிறது. மூன்றும் நின்ற இடம் ஒன்றுதான், கார்டின் மெமரி.

நண்பன் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. 4 ஜிபியில் நின்றது 8 ஜிபியில் ஓடலாமே, இரண்டு மடங்கு இல்லையா? குரோம்பேட்டை நண்பன் அப்போதுதான் 4060 வாங்கியிருந்தான். ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

என் வேலை இதுதான். அப்பா புதுக்கோட்டை மாவட்டத்தில் பள்ளிக்கூட வாத்தியார். எண்பதுகளில் ஒரு டூ இன் ஒன் செட்டைத் தூக்கிக்கொண்டு திருமயம் பக்கத்து ஊர்களில் கிழவிகளின் தாலாட்டு, ஒப்பாரி, நடுநடுவே அவர்கள் பேசுகிற பேச்சு எல்லாவற்றையும் பதிவு செய்தார். 43 கேசட். அவர் போன பிறகு அவற்றை டிஜிட்டலாக மாற்றிவிட்டேன், எழுத்தாக்க வேண்டும் என்பது ஆசை. 2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ வெளியிட்ட விஸ்பர் பேச்சை எழுத்தாக்கித் தரும், வீட்டிலேயே, இணையம் இல்லாமல், இலவசமாக. அதில் சிறிதிலிருந்து பெரிது வரை பல அளவுகள் உண்டு. சின்ன மாடல்கள் இங்கிலீஷுக்குத் தேவலாம், தமிழில் அவை தருவதைப் படித்தால் அழுகைதான் வரும். லார்ஜ் மாடல்தான் ஓரளவு உருப்படியாக எழுதுகிறது, அதற்குச் சுமார் 10 ஜிபி மெமரி வேண்டும் என்று அதை வெளியிட்டவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நண்பன் மெஷினில் அதை ஏற்றி, ஏழாவது கேசட்டின் ஒரு பக்கத்தைக் கொடுத்தேன். எது எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் விண்டோஸ் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டோம். டெடிகேட்டட் ஜிபியு மெமரி என்று ஒரு கோடு இருக்கும், அது மளமளவென ஏறி உச்சியைத் தொட்டு, மேலே கூரை தட்டின மாதிரி படுத்துவிட்டது. அதற்குக் கீழே ஷேர்டு ஜிபியு மெமரி என்று இன்னொரு கோடு, அதுவரை தரையோடு கிடந்தது, மெல்ல எழுந்தது. கார்டில் இடம் இல்லாததால் மிச்சம் கம்ப்யூட்டரின் சாதாரண மெமரியான ராமுக்கு வழிகிறது என்று அர்த்தம். எழுத்து வரும் கறுப்பு ஜன்னலில் ஒரு வரி வந்தது. அடுத்த வரிக்குக் காத்திருந்தோம். அவன் அம்மா காபி கொண்டுவந்தார்கள், குடித்து முடித்தோம், இரண்டாவது வரி வந்தபாடில்லை. "கொஞ்சம் ஸ்லோதான் மச்சான், ராத்திரி போட்டு விட்ரு" என்றான். மீதம் எத்தனை மணி நேரம் கேசட் இருக்கிறது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். போட்டுவிட்டுத் தூங்குகிற வேலையாக அது தெரியவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்பதை அங்கேயே உட்கார்ந்து தேடிப் படித்தோம். 4060-இல் அதன் சொந்த மெமரிக்கும் சிப்புக்கும் இடையே நொடிக்கு 272 ஜிபி போய்வரும். மெமரி நிறைந்து வெளியே வழிந்தால், மதர்போர்டு வழியாகப் போக வேண்டும். அந்தக் கார்டில் அதற்கான பாதைகள் 16 இல்லை, 8தான். நண்பனுடையது பி450 என்ற மதர்போர்டு, அதில் கார்டுக்கான இணைப்பு (பிசிஐஇ) மூன்றாம் தலைமுறை. அதில் எட்டுப் பாதைக்கு நொடிக்கு 8 ஜிபிக்கும் கொஞ்சம் குறைவு. 272 எங்கே, 8 எங்கே! நாற்கர சாலையில் வந்த லாரி திடீரென வயல் வரப்பில் இறங்கினதைப் போல. வேகம் குறைந்த கார்டு என்றால் பத்து நிமிஷ வேலை பன்னிரண்டு நிமிஷம் ஆகும், பொறுத்துக்கொள்ளலாம். மெமரி குறைந்தால் அந்தக் கணக்கே செல்லாது. அளவுக்குள் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது, அளவைத் தாண்டின நொடியில் வேலை நின்றுவிடும், இல்லாவிட்டால் நின்றதற்குச் சமமாகிவிடும். ரிவ்யூக்காரர்கள் அளந்ததெல்லாம் அளவுக்குள் ஓடும் வேலையை. எங்கள் வீட்டுப் பிரச்சினை முழுக்க அளவைத் தாண்டின பிறகு ஆரம்பிப்பது.

மகள் விஷயத்திலும் இதே கணக்குதான். சுவருக்கு ஒட்டும் 4கே படம் டிஸ்கில் பார்த்தால் சில எம்பிதான் இருக்கும். கார்டுக்குள் போகும்போது அது பிரிந்து விரிகிறது. 4096-க்கு 4096 புள்ளிகள், புள்ளிக்கு நான்கு பைட், ஆக 64 எம்பி. ஒரு செங்கல் சுவருக்கே நிறம், மேடுபள்ளம், பளபளப்பு என்று மூன்று நான்கு படம் ஒட்டுகிறாள். இருபது விதமான பரப்பு வைத்தால் 4 அல்லது 5 ஜிபி வரை அதிலேயே போய்விடும், மரமும் புல்லும் இன்னும் வரவே இல்லை. இதை அவளோடு உட்கார்ந்து பேப்பரில் போட்டுப் பார்த்தபோது, "அப்பா, அதான் ஒரு மரம் கூட வெச்சதும் அப்படியே நின்னுடுச்சா" என்றாள்.

வேறு கார்டுகளையும் யோசிக்காமல் இல்லை. 4060 டிஐ 16 ஜிபி எங்கள் பட்ஜெட்டைவிட ரொம்ப மேலே போய்விட்டது. என்விடியாவின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7600 எக்ஸ்டி, 16 ஜிபி, சரியாக அந்த ஜனவரியில்தான் வந்தது, ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் விஸ்பர் மாதிரியான வேலைகளுக்கு எழுதப்பட்ட மென்பொருளில் பெரும்பாலானவை என்விடியா கார்டில் மட்டும் ஓடும் கியூடா என்ற அடித்தளத்தை நம்பி எழுதப்பட்டவை. பிளெண்டரும் 2021 டிசம்பரில் வந்த 3.0-இல் ஓப்பன்சிஎல் என்ற பழைய வழியைக் கைவிட்டு ஏஎம்டிக்குப் புது வழிக்கு மாறியிருந்தது. விண்டோஸில் இதையெல்லாம் ஏஎம்டி கார்டில் ஓடவைக்க மெனக்கெடும் ஆட்களை எனக்குத் தெரியும், அவர்கள் மேல் மரியாதையும் உண்டு, எனக்கு அந்த நேரம் கிடையாது. கேம் மட்டும் ஆடுகிற வீடாக இருந்தால் யோசிக்காமல் ஏஎம்டி எடுத்திருப்பேன். 2022 செப்டம்பரில் கார்டுகளை வைத்து எதிரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைச் சம்பாதிக்கும் மைனிங் நின்றபிறகு மலிவாக வந்த பழைய கார்டுகளையும் ஒருவர் காட்டினார். வாரண்டி இல்லாமல், இரவு பகலாக ஓடின கார்டை, மனைவி வேலைக்கு நம்பியிருக்கும் மெஷினில் போட மனசு வரவில்லை.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் இரண்டு விஷயம்

சனிக்கிழமை காலை மவுண்ட் ரோட்டில் இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குள் நடந்தேன். இரண்டு இடத்தில் கிட்டத்தட்டத் தப்பு செய்யப் பார்த்தேன், இரண்டும் மற்றவர்களுக்குப் பயன்படும்.

ஒன்று, பிராசசர். இன்டெலின் ஐ5 12400 கேட்டேன். "கார்டு போடுறீங்கள்ல சார், அப்புறம் எதுக்கு டிஸ்ப்ளே உள்ளது? எஃப் எடுங்க, காசு மிச்சம்" என்றார் கடைக்காரர். பொதுவாக அது நல்ல யோசனைதான். ஆனால் மனைவிக்கு வரும் ஃபுட்டேஜில் பாதி சோனி கேமராவில் எச்.265, 4:2:2, 10 பிட் என்ற, நிற விவரம் அதிகமுள்ள வகையில் எடுத்தது. அந்த வகை வீடியோவைப் பிரித்துக் காட்டும் பகுதி அன்று விற்ற எந்த என்விடியா கார்டிலும் இல்லை, 3060-இல் இல்லை, 4060-இல் இல்லை, லட்ச ரூபாய்க்கு மேல் விற்ற 4090-இலும் இல்லை. ஏஎம்டி கார்டிலும் இல்லை. என்விடியாவுக்கு அது 2025-இல் வந்த 50 வரிசையில்தான் வந்தது. ஆனால் இன்டெல் பிராசசருக்குள் சும்மா கிடக்கும் அந்தச் சின்ன டிஸ்ப்ளே சிப் அதை அநாயாசமாகச் செய்யும். பிராசசர் பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அந்தச் சிப் வேலை செய்யாது. கிராஃபிக்ஸ் கார்டைத் தேர்ந்தெடுப்பதில் பாதி, கார்டால் முடியாததை யார் செய்வார்கள் என்று பார்ப்பது. அந்த ஓர் எழுத்துக்கு இரண்டாயிரம் ரூபாய் கூடக் கொடுத்தேன், இன்றுவரை அதைவிட லாபமாக எதிலும் போட்டதில்லை.

இரண்டாவது, கார்டின் பெட்டி. 3060 என்று கேட்டேன், பையன் உள்ளே போய்க் கொண்டுவந்து வைத்தான். பில் போடும்வரை வந்துவிட்டது. பெட்டியின் மூலையில் 8 ஜிபி என்று பொடி எழுத்து. 3060-இலேயே 2022 கடைசியில் 8 ஜிபி ஒன்று விட்டார்கள், பெயர் அதே பெயர். மெமரி மட்டும் குறைவில்லை, மெமரிக்குப் போகும் பாதையின் அகலமும் 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறுகிவிட்டது. "ரெண்டும் 3060தான் சார்" என்றான் பையன். அவன் ஏமாற்றவில்லை, பெட்டியில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. பெயரை மட்டும் சொல்லிக் கார்டு கேட்கக் கூடாது என்று அன்று தெரிந்தது. இன்றும் அதே நிலைமைதான், 2025-இல் வந்த 5060 டிஐயும் 8, 16 என இரண்டு அளவில் ஒரே பெயரில் விற்கிறது, ஏஎம்டியின் 9060 எக்ஸ்டியும் அப்படியே.

இந்தக் கார்டால் எனக்குச் செலவும் கூடியது, அதையும் சொல்ல வேண்டும். வீட்டில் இருந்த 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட்தான் தாங்கும். கார்டுக்கு 170, பிராசசர் முழுமூச்சில் போனால் 117, மானிட்டர், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்தால் விளிம்பில் நிற்கும். முதல் வாரமே ரெண்டர் ஓடும்போது கரண்ட் போய், யுபிஎஸ் ஒரு சத்தம் கொடுத்துவிட்டு அணைந்தது. 1 கேவிஏ வாங்க வேண்டி வந்தது. 4060 என்றால் பழைய யுபிஎஸ்ஸே சமாளித்திருக்கும். கரண்ட் பில்லை நண்பன் சொல்கிற அளவுக்குப் பெரிதாக நினைக்கவில்லை. 55 வாட் வித்தியாசம், தினம் இரண்டு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு ஏழு யூனிட்டுக்குள். மே மாதத்தில் அந்த அறையில் உட்கார்வதுதான் கஷ்டம், கார்டு தள்ளும் சூட்டுக்காகக் கண்ணாடி முகப்பு வேண்டாமென்று வலை வைத்த கேபினட்டாக எடுத்தேன். இப்போது அது தரையில் இல்லை, மூன்றடி உயர ஸ்டாண்டில் நிற்கிறது.

இரண்டு வருடம் ஆயிற்று. மனைவி 4கே டைம்லைனை இறக்காமல் முடித்துக் கொடுக்கிறாள், அந்த மெமரி செய்தி அபூர்வமாகத்தான் வருகிறது. மகள் இப்போது ஒரு தெருவையே கட்டி ரெண்டர் பண்ணுகிறாள், கார்டிலேயே. கேசட்டுகளில் 29 முடிந்திருக்கிறது. பேச்சுப் பகுதிகளைத் திருத்தக்கூடிய அளவுக்கு எழுதித் தருகிறது, அப்பா "இன்னொருக்கா சொல்லுங்க அப்பாயி" என்று கேட்பது ஒவ்வொரு கேசட்டிலும் தப்பில்லாமல் வருகிறது. ஒப்பாரியாகப் பாட ஆரம்பித்தால் மெஷினுக்குப் புரிவதில்லை, அதை நானும் மகளும் ஹெட்போன் மாட்டிக் கையால்தான் எழுதுகிறோம். இன்னொன்றும் சொல்ல வேண்டும், விஸ்பரையே சுருக்கி, பாதிக்கும் குறைவான மெமரியில் ஓட்டும் வழிகள் இன்று இருக்கின்றன. நான் அன்றைக்கு அதைச் சரியாகத் தேடியிருந்தால் கேசட்டுக்கு மட்டும் என்றால் 8 ஜிபியே போதுமாக இருந்திருக்கும். அப்போதும் மனைவிக்காகவும் மகளுக்காகவும் 12 ஜிபியைத்தான் எடுத்திருப்பேன், ஆனால் இவ்வளவு உறுதியாக எடுத்திருப்பேனா என்று தெரியவில்லை.

அக்கா மகனிடம் அன்று பதில் சொல்லாமல், காலண்டர் தாள் கேள்வியைத்தான் கேட்டேன். உன் லேப்டாப்பில் ஆரம்பித்து முடியாமல் விட்ட வேலை என்ன, ஒரு வாரம் எழுதி வை என்றேன். நேற்று அனுப்பினான். வாலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் என்று இரண்டு கேம், இரண்டும் 1080-இல். காலேஜுக்குக் கணக்குப் போடும் மேட்லேப் மென்பொருள். நின்றுபோன வேலை ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஓடுகிறது, மெதுவாக ஓடுகிறது, லேப்டாப் கொதிக்கிறது, அவ்வளவுதான். "உனக்கு 8 ஜிபி தாராளம், புதுசையே எடு, மிச்ச காசுல நல்ல மானிட்டர் வாங்கு" என்றேன். "அப்போ 12 ஜிபி?" என்றான். "அது எங்க வீட்டுக்குடா." ஆர்டர் போட்டுவிட்டானாம், வியாழக்கிழமை வருகிறது. பெட்டியைப் பிரிக்கும் முன் ஜிபி எவ்வளவு என்று மூலையில் பார்க்கவும், பில்லில் சீரியல் நம்பர் இருக்கிறதா என்று சரிபார்க்கவும் சொல்லியிருக்கிறேன்.